ஆட்சி மாற்றமும் பொருளாதாரக் கையளிப்பும்: இலங்கையில் புதிய சனாதிபதிகள் ஏற்ற சுமைகள் (2019–2025)

ஆய்வுச் சுருக்கம்

ஆட்சி மாறும்போது புதிய தலைவரின் கைக்கு அதிகாரம் மட்டும் வருவதில்லை. முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற கடன்களும் அது செய்த உடன்படிக்கைகளும் இயற்றிய சட்டங்களும் அதிகாரத்தோடு சேர்ந்தே வருகின்றன. இலங்கையில் 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று சனாதிபதி மாற்றங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. முதல் மாற்றத்தில் கையளிக்கப்பட்ட நிதி ஒழுங்கு கைவிடப்பட்டது. இரண்டாம் மாற்றத்தில் வெறுமையான கருவூலம் கையளிக்கப்பட்டது. மூன்றாம் மாற்றத்தில் நெருக்கடிக்கான தீர்வே நிபந்தனைகளுடன் கையளிக்கப்பட்டது. 2024இல் பதவியேற்ற சனாதிபதிக்குச் சுமையின் அளவை மாற்றும் உரிமை பெரும்பாலும் இல்லை என்பதும், அச்சுமையை மக்களிடையே எவ்வாறு பங்கிடுவது என்னும் உரிமையே அவரிடம் எஞ்சியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: இலங்கை, சனாதிபதி, ஆட்சி மாற்றம், கடன் மறுசீரமைப்பு, பன்னாட்டு நாணய நிதியம், வரிக் கொள்கை, ஊழியர் சேமலாப நிதியம்.

முன்னுரை

2024 செப்டம்பர் 21இல் நடைபெற்ற இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் எந்த வேட்பாளரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறவில்லை. நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு, தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். வாக்களிப்புக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர், செப்டம்பர் 19இல், ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் பன்னாட்டு இறைமைப் பிணைமுறிகளை வைத்திருந்தோருடன் கொள்கையளவில் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவித்திருந்தது. அதில் அடங்கிய கடனின் முதல் ஏறத்தாழ 1,250 கோடி அமெரிக்க டாலர் ஆகும்.

ஆட்சியை மாற்றுவதா என்பதை மக்கள் முடிவு செய்வதற்கு முன்பே, அடுத்த ஆட்சி செலுத்த வேண்டிய கடனின் வடிவம் முடிவாகிவிட்டது. இதைச் சட்ட மீறல் என்று கூற இயலாது. அரசு என்பது தொடர்ச்சியான ஒரு சட்ட ஆள். ஆட்சியாளர் மாறினாலும் அரசின் கடன் மாறுவதில்லை என்பது பன்னாட்டு வழக்கு. எனினும், தேர்தல் மாற்றத்துக்குரிய கருவி என்று நம்பும் வாக்காளருக்கும், கடன் தொடர்ச்சிக்குரிய உறவு என்று நம்பும் கடன் கொடுத்தோருக்கும் இடையில் புதிய சனாதிபதி நிற்க நேர்கிறது. அந்த இடைவெளியின் அகலத்தை அளப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கையளிப்பின் மூன்று கூறுகள்

முந்தைய ஆட்சியிடமிருந்து புதிய ஆட்சிக்கு வந்துசேரும் பொருளாதாரச் சிக்கல்களை மூன்று கூறுகளாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, இருப்பு. அந்நியச் செலாவணிக் கையிருப்பு, திறைசேரியின் பண நிலை, நிலுவைக் கடன், பணவீக்கம் ஆகியன இதில் அடங்கும். பதவியேற்பு நாளில் இவை எந்நிலையில் உள்ளனவோ அந்நிலையிலிருந்தே புதிய ஆட்சி தொடங்கியாக வேண்டும்.

இரண்டாவது, உடன்படிக்கை. கடன் கொடுத்தோருடனும் பன்னாட்டு நிறுவனங்களுடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இவ்வகையின. இவற்றை மாற்ற முடியும். ஆனால் எதிர்த்தரப்பின் இசைவின்றி மாற்ற முடியாது.

மூன்றாவது, சட்டம். நாடாளுமன்றம் இயற்றிய நிதிச் சட்டங்கள் அடுத்த ஆட்சியையும் கட்டுப்படுத்துகின்றன. இவற்றை மாற்றப் பெரும்பான்மை போதும். எனினும் அச்சட்டங்களே உடன்படிக்கையின் நிபந்தனைகளாகவும் அமையும்போது, பெரும்பான்மை பெற்ற அரசும் அவற்றைத் தொடத் தயங்கும்.

இருப்பு காலப்போக்கில் மாறும் இயல்புடையது. உடன்படிக்கையும் சட்டமும் காலத்தைக் கட்டும் இயல்புடையன. ஆகவே ஒரு புதிய சனாதிபதியின் சுமையை மதிப்பிட, அவர் பெற்ற கையிருப்பு எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது. எத்தனை ஆண்டுகளுக்கு அவருடைய முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டுள்ளன என்றும் கேட்டல் வேண்டும்.

2. 2019: கைவிடப்பட்ட நிதி ஒழுங்கு

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ பதவியேற்றபோது நாட்டின் பொருளாதாரம் வலுவாக இருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21இல் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களால் சுற்றுலாத்துறை சரிந்திருந்தது. 2007இல் 50 கோடி டாலருடன் தொடங்கிய பன்னாட்டுப் பிணைமுறிக் கடன் பல மடங்கு பெருகி, வெளிநாட்டுக் கடனில் பெரும்பங்காகியிருந்தது. சலுகை வட்டிக் கடன்களைப் போலன்றி, பிணைமுறிகள் சந்தை வட்டியும் குறுகிய தவணையும் உடையவை. பழைய முறியை அடைக்கப் புதிய முறி வெளியிட வேண்டிய சுழற்சியை அவை உருவாக்கின.

அதேவேளை, முந்தைய மைத்திரிபால சிறிசேன காலத்து ஆட்சி சில ஆக்கங்களையும் விட்டுச்சென்றது. 2016இல் பன்னாட்டு நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 150 கோடி டாலர் பெறுமதியான திட்டம் தொடங்கப்பட்டது. 2017இல் புதிய உள்நாட்டு இறைவரிச் சட்டம் இயற்றப்பட்டது. வட்டிச் செலவை நீக்கிக் கணக்கிடும் முதன்மை நிலுவை 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் பற்றாக்குறையின்றி அமைந்தது. 2019 இறுதியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 760 கோடி டாலராக இருந்தது.

புதிய ஆட்சி இவ்வொழுங்கைச் சில வாரங்களிலேயே தளர்த்தியது. பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தேசக் கட்டுமான வரியும், சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட உழைக்கும்போதே செலுத்தும் வரியும் நீக்கப்பட்டன. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை எல்லை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டதால் பல நிறுவனங்கள் வரி வலையிலிருந்து வெளியேறின. சில மாதங்களில் கொவிட் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. தர நிர்ணய நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தன. பன்னாட்டு மூலதனச் சந்தையின் கதவு அடைபட்டது. 2021இல் அரச வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காடாகச் சுருங்கியது. அவ்வாண்டில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை வேளாண் விளைச்சலையும் தாக்கியது. சில மாதங்களில் தடை விலக்கப்பட்டபோதும் இழப்பு நேர்ந்துவிட்டது.

கையளிக்கப்பட்ட சிக்கல் ஒன்று. அதன்மீது எடுக்கப்பட்ட முடிவு வேறொன்று. கடன் சுழற்சி முந்தைய ஆட்சிகளிடமிருந்து வந்தது. அதைத் தாங்கிநின்ற வருவாய்த் தூணை அகற்றியது புதிய ஆட்சியின் முடிவு. எல்லாவற்றையும் முந்தைய ஆட்சியின் தலையில் சுமத்தும் அரசியல் பேச்சு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

3. 2022: வெறுமையின் கையளிப்பு

2022 ஏப்ரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியதாக அறிவித்தது. பயன்படுத்தத்தக்க அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைந்திருந்தது. மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டாலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். மக்கள் எழுச்சியின் விளைவாகக் கோட்டாபய ராஜபக்ஷ சூலையில் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். சூலை 20இல் நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை எஞ்சிய காலத்துக்குச் சனாதிபதியாகத் தெரிந்தது.

இக்கையளிப்பில் மேற்கூறிய மூன்று கூறுகளுள் இருப்பு என்பதே அற்றுப்போயிருந்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 விழுக்காடாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடாகவும் உச்சம் தொட்டன. பழைய உடன்படிக்கைகளோ முறிந்திருந்தன. கடன் கொடுப்பனவு நின்றமை அவமானமாகத் தோன்றினும், செலுத்த வேண்டிய டாலர் கைவசம் நின்றதால் அடுத்த ஆட்சிக்கு மூச்சுவிட அவகாசமும் கிடைத்தது.

அவ்வவகாசத்தில் மூன்று பணிகள் நடந்தேறின. பெறுமதி சேர் வரி 2022இல் 12 விழுக்காடாகவும் பின் 15 விழுக்காடாகவும், 2024 சனவரியில் 18 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. மின்கட்டணம் 2022 ஆகத்திலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவு ஏற்றப்பட்டது. 2023 மார்ச்சு 20இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபை ஏறத்தாழ 300 கோடி டாலர் பெறுமதியான 48 மாதத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இது அந்நிதியத்துடன் இலங்கை செய்த 17ஆவது ஏற்பாடாகும். ஒரே நிறுவனத்திடம் பதினேழு முறை செல்ல நேர்ந்தமை, ஒவ்வோர் ஆட்சியும் அடிப்படைச் சிக்கலைத் தீர்க்காமல் அடுத்த ஆட்சியிடம் தள்ளிவந்ததைக் காட்டும் சான்றெனலாம்.

4. 2024: தீர்வின் கையளிப்பு

2024 செப்டம்பரில் கையளிக்கப்பட்ட இருப்பு முன்னையதினும் மிகவும் மேம்பட்டது. அம்மாதப் பணவீக்கம் சுழியத்துக்கும் கீழே இறங்கி −0.5 விழுக்காடாக இருந்தது. கையிருப்பு ஏறத்தாழ 600 கோடி டாலராக உயர்ந்திருந்தது. 2022இலும் 2023இலும் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் ஏறத்தாழ 5 விழுக்காடு வளர்ந்தது. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் புதிய சனாதிபதி நற்பேறு பெற்றவர் என்பர்.

உடன்படிக்கையையும் சட்டத்தையும் நோக்கும்போது காட்சி மாறுகிறது. நாணய நிதியத் திட்டம் நான்கு இலக்குகளை வரையறுத்திருந்தது. முதலாவது, பொதுக் கடன் 2032இல் உற்பத்தியின் 95 விழுக்காட்டுக்குக் கீழ் வருதல் வேண்டும். இரண்டாவது, அரசின் மொத்த நிதித் தேவை 2027 முதல் 2032 வரை சராசரியாக 13 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மூன்றாவது, அதே காலத்தில் அந்நியச் செலாவணிக் கடன் கொடுப்பனவு எந்த ஆண்டிலும் 4.5 விழுக்காட்டை மிஞ்சலாகாது. நான்காவது, முதன்மை நிலுவை 2025 முதல் 2.3 விழுக்காடு மிகையாக அமைதல் வேண்டும். 2024இல் தெரிவான சனாதிபதியின் ஐந்தாண்டுக் காலம் 2029இல் முடியும். அவருக்கு வந்த உடன்படிக்கையின் ஆயுளோ அதனினும் நீண்டது.

கடன் மறுசீரமைப்பும் இத்தன்மையதே. 2024 சூன் 26இல் இந்தியா, சப்பான், பிரான்சு ஆகிய நாடுகள் இணைத்தலைமை வகித்த கடன் வழங்குநர் குழுவுடன் 580 கோடி டாலருக்கும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடன் 420 கோடி டாலருக்கும் உடன்பாடுகள் எட்டப்பட்டன. முதலைத் திருப்பிச் செலுத்துதல் 2028 வரை தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு புதிய சனாதிபதியின் பதவிக்காலத்துக்குள்ளேயே வருகிறது. உடன்பாடு செய்த ஆட்சிக்கு அவகாசமும், அடுத்து வந்த ஆட்சிக்குத் தவணையும் கிட்டின.

பிணைமுறி உடன்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. புதிய முறிகளுள் ஒரு பகுதி பொருளாதார வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டது. 2025 முதல் 2027 வரையான உற்பத்தியின் டாலர் மதிப்பு குறித்த எல்லைகளைத் தாண்டினால், 2028 முதல் கடன் கொடுத்தோருக்குச் செலுத்த வேண்டிய தொகை கூடும். மிகவும் தாழ்ந்தால் குறையும். வீழ்ச்சியில் இது காப்பு. ஆயினும் புதிய ஆட்சி வெற்றி பெற்றால் அவ்வெற்றியிலும் ஒரு பங்கு முன்னரே எழுதிக்கொடுக்கப்பட்டதாகிறது.

சட்டக் கூறும் இறுக்கமானது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசின் பற்றாக்குறைக்கு மத்திய வங்கி நேரடியாகப் பணம் வழங்குவதைத் தடுக்கிறது. 2024இல் இயற்றப்பட்ட பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கிய அரச செலவுக்கு உற்பத்தியின் 13 விழுக்காடு என உச்ச எல்லை விதிக்கிறது. பொருளாதார நிலைமாற்றச் சட்டமும் கடன் முகாமைத்துவச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறின. அச்சிட்ட பணத்தால் பற்றாக்குறையை நிரப்பிய பழைய வழி இவற்றால் மூடப்பட்டது. பொருளியல் நோக்கில் இவை தேவையான தடைகள். மக்களாட்சி நோக்கில், தேர்தலுக்கு முன் அமைந்த நாடாளுமன்றம் தேர்தலுக்குப் பின் வரும் அரசின் செலவெல்லையை வகுத்தது என்பதும் உண்மை.

தேசிய மக்கள் சக்தியின் ‘வளமான நாடு – அழகான வாழ்க்கை’ என்னும் தேர்தல் அறிக்கை, கடன் நிலைபேற்றை மாற்று முறையில் மீளாய்வு செய்து நிபந்தனைகளைத் திருத்தப் பேசுவதாகக் கூறியிருந்தது. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அக்கூட்டணி 225 இடங்களுள் 159 இடங்களை வென்றது. மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட பலம் இருந்தபோதும், செப்டம்பரில் எட்டப்பட்ட பிணைமுறி உடன்பாட்டை அது ஏற்று, திசம்பரில் முறிப் பரிமாற்றத்தை நிறைவு செய்தது. மறுத்திருந்தால் கடன் தரம் மீள்வது மேலும் தள்ளிப்போயிருக்கும்; நாணய நிதியத்தின் அடுத்த தவணையும் தடைப்பட்டிருக்கும். அரசியலமைப்பை மாற்றப் போதிய பெரும்பான்மையும் கடன் ஒப்பந்தத்தை மாற்றப் போதவில்லை.

5. எஞ்சிய வெளி: பங்கீடு

அளவு முன்னரே வரையறுக்கப்பட்ட நிலையில் புதிய சனாதிபதிக்கு எஞ்சியது பங்கீடு. நெருக்கடியின் சுமையை யார் சுமந்தனர் என்பதை நோக்கினால் இதன் முதன்மை விளங்கும்.

2023இல் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், ஊழியர் சேமலாப நிதியம் உள்ளிட்ட ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்ட தவணையுடைய புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகள் விலக்களிக்கப்பட்டன. வங்கித்துறை ஏற்கெனவே அழுத்தத்தில் உள்ளது, வைப்பாளர் காக்கப்பட வேண்டும் என்பது அரசு கூறிய காரணம். அக்காரணத்தில் வலு உண்டு. எனினும் சேமலாப நிதியம் தனியார்துறை உழைப்பாளரின் முதுமைக்கால முதல். அவர்களுடைய எதிர்கால வருவாய் அரசின் நிகழ்காலப் பற்றாக்குறைக்கு ஈடாக்கப்பட்டது.

வரியிலும் இதே சாய்வு உண்டு. இலங்கையின் வரி வருவாயில் பெரும்பகுதி மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது. 18 விழுக்காட்டுப் பெறுமதி சேர் வரியைச் செல்வரும் வறியரும் ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். உலக வங்கியின் மதிப்பீடுகளின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 2024இல் வறுமைக்கோட்டின் கீழிருந்தனர். இது நெருக்கடிக்கு முந்தைய நிலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று பிரிவுகளுள் தோட்டத்துறையிலேயே வறுமை மிகுதி. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த இரண்டாண்டுகளில் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கானபோதும் அக்கூலி 2024 வரை உயரவில்லை. கூலியின் மெய்ப்பெறுமதி பாதியானமை எந்தக் கடன் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. ஆயினும் அதுவும் கையளிக்கப்பட்ட கடனே.

2025 பெப்ரவரி 17இல் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் இவ்வெல்லைக்குள் புதிய ஆட்சி எவ்வாறு இயங்கியது என்பதைக் காட்டுகிறது. மாதம் 1 இலட்சம் ரூபாவாக இருந்த வருமான வரி விலக்கெல்லை 1.5 இலட்சமாக உயர்ந்தது. அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்த முன்மொழியப்பட்டது. இவற்றுக்கு ஈடாக, வட்டி வருமானத்தின் மீதான பிடித்துவைத்தல் வரி 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகவும், மதுபானம், புகையிலை, சூதாட்டம் ஆகிய தொழில்களின் வருமான வரி 40 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகவும் உயர்ந்தன. 2020இல் தடுக்கப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டு, அதன் சுங்க வருவாய் ஆண்டு வருவாய் இலக்கின் முதன்மைத் தூண்களுள் ஒன்றாயிற்று. முதன்மை மிகை இலக்கு மாறவில்லை. அதை அடையும் வழிகள் மட்டும் ஓரளவு மாறின.

இவ்வெளியின் எல்லையை மின்கட்டணம் துல்லியமாகக் காட்டுகிறது. 2025 சனவரியில் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு கட்டணத்தை 20 விழுக்காடு குறைத்தது. செலவை மீட்கும் விலை என்னும் நிபந்தனை நாணய நிதியத்தின் நான்காம் மீளாய்வில் மீண்டும் முன்னெழுந்தது. சூனில் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. மக்கள் பெற்ற நிவாரணம் ஆறு மாதங்களுக்குள் பெருமளவு மீளப்பெறப்பட்டது.

6. பொறுப்பும் மரபுரிமையும்

கையளிக்கப்படும் சுமைக்கு முந்தைய ஆட்சியாளர் பொறுப்புக்கூற வேண்டுமா என்னும் வினா தேர்தல் மேடையோடு முடிவதில்லை. 2023 நவம்பர் 14இல் இலங்கை உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், முன்னாள் சனாதிபதிகளான மகிந்த ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ஷ ஆகியோரும், மத்திய வங்கி, திறைசேரி ஆகியவற்றின் முன்னாள் உயர் அலுவலர் சிலரும் பொருளாதார முகாமையில் பொது நம்பிக்கையை மீறினர் என்று கண்டது. பொருளாதாரக் கொள்கை முடிவுகளும் குடிமக்களின் அடிப்படை உரிமையோடு தொடர்புடையன என்று இத்தீர்ப்பு நிறுவியது.

இதன் பயன் கடந்தகாலத்துக்கு மட்டும் உரியதன்று. பொது நிதி நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட சொத்து எனில், இன்று ஆள்பவர் நாளை ஆளப்போகிறவருக்கும் அறங்காவலர் ஆகிறார். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டை நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. ஆயினும் 2024 செப்டம்பர் உடன்பாடு எட்டப்பட்ட வேளையில் நாடு தேர்தலின் வாயிலில் நின்றது. இத்தகைய நீண்டகால உடன்பாடுகளைத் தேர்தல் காலத்தில் செய்யும்போது, எதிர்க்கட்சிகளுக்கும் விவரங்களை முன்கூட்டியே அளிக்கும் நடைமுறை வகுக்கப்படுமாயின், கையளிப்பு திடீர்ச் சுமையாக இராது.

முடிவுரை

மூன்று ஆட்சி மாற்றங்களிலும் கையளிக்கப்பட்ட சிக்கலின் தன்மை வேறு. 2019இல் குறையுடைய நிதி ஒழுங்கு வந்தது. அதைக் கைவிட்டதால் வீழ்ச்சி விரைந்தது. 2022இல் வெறுமை வந்தது. பழைய உடன்படிக்கைகள் முறிந்தமையால் புதியவற்றை வகுக்க வழி பிறந்தது. 2024இல் இருப்பு மேம்பட்டிருந்தது. ஆனால் உடன்படிக்கையும் சட்டமும் பதவிக்காலத்தையும் தாண்டி நீண்டிருந்தன. இருப்பு குன்றியிருந்த ஆட்சிக்கு முடிவெடுக்கும் வெளி அகன்றும், இருப்பு மேம்பட்ட ஆட்சிக்கு அவ்வெளி குறுகியும் இருந்தமை இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபாகும்.

எனவே புதிய சனாதிபதியின் செயற்பாட்டை முதன்மை மிகை இலக்கைத் தொட்டாரா என்னும் அளவுகோலால் மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. அவ்விலக்கு அவர் வகுத்ததன்று. சேமலாப நிதியத்தின் உழைப்பாளர், தோட்டத் தொழிலாளர், மறைமுக வரி செலுத்தும் வறியோர் ஆகியோர் சுமந்த பங்கு அவருடைய காலத்தில் குறைந்ததா என்பதே உரிய அளவுகோலாகும். 2028இல் தொடங்கும் தவணைகளுக்கு எத்தகைய இருப்பை அவர் சேர்த்துவைக்கிறார் என்பது அடுத்து வருபவரின் கையளிப்பைத் தீர்மானிக்கும்.